வீரமும் வெண்கலமும்

பொன் முதலாவது, வெள்ளி இரண்டாவது, வெண்கலம் மூன்றாவது என்று எண்ணுவது விளையாட்டுப் பந்தயங்களால் நம் மனத்தில் ஊன்றிவிட்ட வழக்கமாகும். ஆயினும், போர்க்களத்து வீரத்திற்கு இந்தியக் குடியரசு வழங்கும் தலையாய விருதாகிய பரம் வீர் சக்கரம் வெண்கலத்தால் ஆனது. அதற்கு அடுத்த நிலையில் உள்ள மகாவீர் சக்கரமும், அதற்கும் அடுத்ததாகிய வீர் சக்கரமும் வெள்ளியால் ஆனவை. வரிசை இங்ஙனம் தலைகீழாய் அமைந்தது எதனால்? இவ்வினாவிற்கு விடை காண வேண்டுமாயின், வெண்கலம் போர்ப் பதக்கமாக மாறிய வரலாற்றை நாம் இருநூறு ஆண்டுகளுக்கு முன்னிருந்தே தொடர்ந்து பார்த்தல் வேண்டும். பதக்கத்தைச் செய்விக்கும் அரசு எதனை நினைவிற்கொள்ள விரும்புகிறது, தனக்காக உழைத்தவர்களுள் யாரை உயர்த்தி எண்ணுகிறது, யாரைத் தாழ்த்தி எண்ணுகிறது என்பனவும் அவ்வரலாற்றினூடே விளங்கும்.

வெண்கலம் என்பது செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகம். நம் ஆலயங்களின் மணிகளுக்கும் உற்சவத் திருமேனிகளுக்கும் அடிப்படையானது அதுவே. பழைய பீரங்கிகளை வார்க்கப் பயன்பட்டதும் அதுவே. வெடிமருந்தின் அதிர்ச்சியை விரிசலின்றித் தாங்கும் என்பதால், ஏறத்தாழ ஒன்பது பங்கு செம்புக்கு ஒரு பங்கு வெள்ளீயம் சேர்த்துப் பீரங்கிகளை வார்த்தனர். திருமேனிகளை நம் சிற்பிகள் மெழுகுக் கருவிலிருந்து ஒவ்வொன்றாக வார்த்தெடுப்பர். பதக்கங்கள் பெரும்பாலும் நாணயங்களைப் போல எஃகு அச்சுகளுக்கிடையே வைத்து அழுத்திச் செய்யப்படுவன. ஒரு சிறிய வட்டத்திற்குள் ஒரு போரின் கதையையே சொல்ல வேண்டியிருப்பதால், பதக்கத்தை வகுக்கும் கலைஞன் ஒவ்வொரு கோட்டையும் எண்ணியே இடுகின்றான்.

பதக்கத்தைப் படிப்பதற்கு மூன்று இடங்கள் உண்டு. முன்முகத்தில் பெரும்பாலும் அரசனின் தலை இருக்கும். பதக்கத்தைத் தருபவர் இன்னார் என்பதை அது சொல்லும். பின்முகத்தில் போரின் குறியீடு இருக்கும்; எதற்காகத் தரப்பட்டது என்பதை அது சொல்லும். விளிம்பில் பெற்றவரின் பெயர் இருக்கும், அல்லது இல்லாமலும் போகும். இம்மூன்றோடு நான்காவதாக உலோகத்தையும் நாம் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

1799ஆம் ஆண்டு மே மாதம் 4ஆம் நாள் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திப்பு சுல்தான் போரிட்டு மடிந்தார். அவ்வெற்றியின் நினைவாகக் கிழக்கிந்தியக் கும்பெனி ஒரு பதக்கம் செய்வித்தது. கியூக்ளர் என்னும் கலைஞர் அதனை வகுத்தார். இங்கிலாந்தில் பர்மிங்காமுக்கு அருகில் மாத்யூ போல்ட்டன் நடத்திய சோஹோ நாணயச் சாலையில் அது அச்சிடப்பட்டது. ஒரு முகத்தில், கோட்டை மதிலின் உடைப்பின் வழியே படைகள் ஏறும் காட்சி. கோட்டையை நண்பகற்பொழுதில் தாக்கியதைக் குறிக்கும் வகையில் உச்சியில் சூரியன் காட்டப்பட்டுள்ளது. மறுமுகத்தில், ஒரு சிங்கம் புலியைக் கீழே வீழ்த்தி அடக்குகிறது. சிங்கம் பிரிட்டனைக் குறிப்பது. புலி திப்புவின் சின்னம். தம் அரியணையிலும் ஆயுதங்களிலும் வீரர்களின் உடையிலும் புலியையும் புலிவரியையும் பொறித்து வைத்தவர் திப்பு.

அக்காட்சியின் மேலே பறக்கும் கொடியில் அரபு மொழியில் ஒரு தொடர் உள்ளது. இறைவனின் சிங்கமே வெல்லும் என்பது அதன் பொருள். இத்தொடர் கும்பெனியார் புதிதாகப் புனைந்ததன்று. திப்பு தம் கொடிகளிலும் ஆயுதங்களிலும் அதே எழுத்துகளைப் புலிமுகம் போன்ற வடிவில் எழுதுவித்திருந்தார். தோற்றவரின் மந்திரத்தையே வென்றவர் தம் கொடியில் ஏற்றிக்கொண்டனர். நாட்டைப் பறித்ததோடு அமையாமல், நாட்டை ஆண்டவரின் சொல்லையும் பறித்துக்கொண்டதற்கு அப்பதக்கமே சான்று.

இனி அதன் உலோகத்தைப் பார்ப்போம். ஒரே அச்சு, ஆனால் உலோகம் ஐந்து. படைத்தளபதிகளுக்குப் பொன். உயர் அதிகாரிகளுக்குப் பொன்முலாம் பூசிய வெள்ளி. அவர்களுக்குக் கீழ்ப்பட்ட அதிகாரிகளுக்கு வெள்ளி. அவில்தார் முதலிய சிறு தலைவர்களுக்கு வெண்கலம். சாதாரணச் சிப்பாய்க்கு வெள்ளீயம். தமிழ், தெலுங்கு நாடுகளிலிருந்து சென்னைப் படையில் சேர்ந்து, அந்த மதில் உடைப்பின் முன் நின்ற சிப்பாய்களின் பங்கு வெள்ளீயமே. விளிம்பில் பெயரும் இல்லை. எல்லோரும் கண்டது ஒரே சூரியனை. ஆயினும் அச்சூரியன் ஒருவர் மார்பில் பொன்னாகவும், மற்றொருவர் மார்பில் ஈயமாகவும் விளங்கினான்.

இவ்வழக்கத்திற்கு மாறான ஒரு நிகழ்ச்சியைக் குவாலியரில் காண்கிறோம். 1843ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 29ஆம் நாள், மகாராஜபூர், பன்னியார் என்னும் இரண்டு இடங்களில் ஒரே நாளில் நடந்த போர்களில், குவாலியர்ச் சிந்தியாவின் படை கும்பெனியின் படையிடம் தோற்றது. அப்போது கவர்னர் ஜெனரலாக இருந்தவர் எல்லன்பரோ பிரபு. மராத்தியரிடமிருந்து கைப்பற்றிய பீரங்கிகளை உருக்கி, கல்கத்தா நாணயச் சாலையில் ஆறு முனைகளுள்ள வெண்கல நட்சத்திரங்கள் செய்யப்பட்டன. நடுவில் சிறிய வெள்ளி நட்சத்திரம்; அதில் போர் நடந்த இடமும் நாளும். இந்த நட்சத்திரம் மேலதிகாரி முதல் சிப்பாய் வரை எல்லோருக்கும் ஒரே தன்மையாக வழங்கப்பட்டது. பகைவனின் பீரங்கியே உலோகமாகிய இடத்தில், பொன் என்றும் ஈயம் என்றும் தரம் பிரிப்பதற்கு இடமில்லாமற் போயிற்று. வெண்கலத்தின் மதிப்பு அங்கே எடையைப் பொறுத்ததாக இராமல், அது வந்த வழியைப் பொறுத்ததாயிற்று.

இதே வழியில் பிறந்தது காபூல்–காந்தகார் நட்சத்திரம். 1880ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், ராபர்ட்ஸ் என்னும் தளபதியின் தலைமையில் ஏறத்தாழ 10,000 படையினர் முந்நூறு மைலுக்கு மேற்பட்ட தூரத்தை மூன்று வாரங்களில் நடந்து கடந்தனர். செப்டம்பர் மாதம் 1ஆம் நாள் காந்தகாரில் அயூப்கான் தோற்றார். அவரிடமிருந்து கைப்பற்றிய பீரங்கிகளின் வெண்கலத்திலிருந்து ஐந்து முனை நட்சத்திரங்கள் செய்யப்பட்டன. உச்சியில் முடி, நடுவில் விக்டோரியா அரசியின் பெயரெழுத்துகள், சுற்றிலும் அவ்விரு நகரங்களின் பெயர். ராபர்ட்ஸ் ஏறிவந்த குதிரைக்கும் அரசியின் அனுமதியோடு அந்த நட்சத்திரம் அணிவிக்கப்பட்டது.

இவ்விரண்டிற்கும் இடையே, 1856ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 29ஆம் நாள் விக்டோரியா சிலுவை நிறுவப்பட்டது. பிரிட்டிஷ் அரசின் தலையாய வீர விருதாகிய அதுவும் வெண்கலமே. செவஸ்டபோலில் ரஷ்யரிடமிருந்து கைப்பற்றிய பீரங்கிகளின் உலோகம் என்பது அதைப் பற்றிய மரபு. பிற்கால ஆய்வுகள் அம்மரபின் மேல் ஐயம் எழுப்பியுள்ளன என்றாலும், விருதின் கருத்து தெளிவானது. விலையற்ற உலோகம், எளிய சிலுவை வடிவம், வீரத்திற்காக என்னும் ஒரே குறிப்பு. அதிகாரியென்றும் வீரனென்றும் வேறுபாடு பாராமல் வழங்க வேண்டும் என்பது அதன் விதி. பொருளால் மதிக்க முடியாத ஒன்றைப் பொருளற்ற உலோகத்தால் குறிப்பதே முறை என்னும் எண்ணம் இங்கே வேரூன்றியது. ஆனால், அந்தச் சமத்துவம் நம் நாட்டுச் சிப்பாயை எட்ட 55 ஆண்டுகள் சென்றன. 1911ஆம் ஆண்டுத் தில்லி தர்பாரின்போதே இந்தியப் படையினர் அவ்விருதுக்கு உரியவராக அறிவிக்கப்பட்டனர். 1914ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 31ஆம் நாள் பெல்ஜியத்தில் போரிட்ட குதாதாத் கான் அதனைப் பெற்ற முதல் இந்தியப் படைவீரராவார்.

வெண்கலம் இவ்வாறு உயர்ந்துகொண்டிருந்த அதே காலத்தில், வேறொரு பக்கத்தில் அது தாழ்வின் அடையாளமாகவும் ஆக்கப்பட்டது. எந்தப் படையும் போரிடுபவர்களால் மட்டும் நடப்பதன்று. நீர் சுமப்பவர், சமைப்பவர், டோலி தூக்குபவர், கோவேறு கழுதை ஓட்டுபவர், பாதை வெட்டுபவர் எனப் பல்லாயிரம் பேர் உடன் செல்வர். 1885ஆம் ஆண்டில் தொடங்கிய பர்மியப் போர் முதல், இவர்களுக்கும் பதக்கம் தரும் வழக்கம் ஏற்பட்டது. அப்போரில் சென்னை மாகாணத்துப் படைகள் பெரும்பங்கு கொண்டன. வழங்கியது இந்தியப் பொதுச் சேவைப் பதக்கம். அமர்ந்திருக்கும் வீரனுக்கு வெற்றித் தேவதை மாலை சூட்டும் காட்சி பொறித்தது. ஆயுதம் ஏந்தியவருக்கு அது வெள்ளியில் கிடைத்தது. உடன் சென்ற உழைப்பாளிக்கு அதே தேவதை, அதே மாலை, வெண்கலத்தில் கிடைத்தது.

1903–04இல் நடந்த திபெத்துப் படையெடுப்பிற்கான பதக்கமும் அவ்வாறே. பின்முகத்தில் லாசாவின் பொத்தலா மாளிகை மலைமேல் எழுந்து நிற்கிறது. படைவீரருக்கு வெள்ளி; பனிமலைகளின் மேல் மூட்டை சுமந்தவருக்கு வெண்கலம். அந்த வெண்கலப் பதக்கங்கள் பலவற்றின் விளிம்பில், பெயருக்கு முன்னே, பதவியின் இடத்தில், ‘கூலி’ என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கிறார்கள். நம் மொழியில் உழைப்புக்குரிய ஊதியத்தைக் குறிக்கும் சொல்லின் ஒலியே அங்கே உழைத்த மனிதனின் பட்டமாகி நிற்கிறது. எனினும், ஒரு நன்மையையும் நாம் மறுத்தல் ஆகாது. ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிப்பாய்க்குக் கிட்டாத பெயர்ப்பொறிப்பு, இந்தச் சுமைதூக்கிக்குக் கிட்டியது. வரலாற்று நூல்கள் எழுதாத பெயர்கள் சில, அந்த விளிம்புகளில் மட்டுமே உயிரோடிருக்கின்றன.

முதல் உலகப் போரில் 13 இலட்சத்திற்கு மேற்பட்ட இந்தியர் பணிபுரிந்தனர்; 70,000க்கு மேற்பட்டோர் உயிர் துறந்தனர். அப்போர் முடிந்தபின் மூன்று வகை வெண்கலங்கள் வெளிவந்தன. அவற்றை அருகருகே வைத்துப் பார்ப்பது பயனுடையது.

முதலாவது, வெற்றிப் பதக்கம். நேச நாடுகள் யாவும் ஒன்றுகூடி, எல்லா நாட்டு வீரரும் ஒரே வகைப் பதக்கத்தை அணிய வேண்டும் என்று முடிவு செய்தன. வெண்கல வட்டம், சிறகு விரித்த வெற்றித் தேவதை, இரண்டு வானவில்களை இணைத்தாற்போன்ற பலநிற நாடா என்பது பொது இலக்கணம். உருவத்தை வரைவது மட்டும் அந்தந்த நாட்டின் உரிமை. பிரிட்டிஷ் பதக்கத்தை வில்லியம் மக்மில்லன் என்னும் சிற்பி வகுத்தார். இந்தியப் படையினரும் அதனையே பெற்றனர். கீழ்த்திசை நாடுகள் இரண்டு, கிரேக்க மரபில் வந்த அந்தச் சிறகுத் தேவதையை ஏற்கவில்லை. ஜப்பான் தன் புராணத்துப் போர்த் தெய்வத்தைப் பொறித்துக்கொண்டது. சயாம் நாடு திருமாலைப் பொறித்துக்கொண்டது. பொதுவெற்றியில் பங்குகொள்வோம், அதனைச் சொல்லும் உருவம் எம்முடையதாக இருக்கட்டும் என்பது அவர்களின் நிலை. அந்நாளில் தனக்கென ஓர் உருவத்தைத் தேர்ந்துகொள்ளும் உரிமை இந்தியாவிற்கு இல்லை.

இரண்டாவது, பிரிட்டிஷ் போர்ப் பதக்கம். இதனை வகுத்தவரும் மக்மில்லனே. குதிரைமேல் அமர்ந்த ஆடையற்ற வீரன், பகைநாடுகளின் கழுகுக் கேடயத்தை மிதிக்கிறான், காலடியில் மண்டை ஓடும் எலும்பும், மேலே உதயசூரியன். இப்பதக்கம் பல இலட்சக்கணக்கில் வெள்ளியில் வழங்கப்பட்டது. ஏறத்தாழ 1,10,000 பதக்கங்கள் மட்டும் வெண்கலத்தில் செய்யப்பட்டன. அவை சீன, மால்ட்டா, இந்தியத் தொழிலாளர் படைகளைச் சேர்ந்தவர்களுக்கு உரியவை. மணிப்பூரிகள், நாகர்கள், லுசாய்கள், காசியர், சந்தால்கள் முதலிய மலைநாட்டு மக்கள் 1917ஆம் ஆண்டில் கடல் கடந்து பிரான்ஸ் சென்று, பாதை அமைத்தனர், மரம் வெட்டினர், சுமை இறக்கினர். குளிரும் நோயும் அவர்களைக் கொண்டுபோனபோது உலோகத்தைப் பார்த்துக் கொண்டுபோகவில்லை. நம்மவர் பலர் இன்று வாழும் அசாம், மேகாலயம், ஜார்க்கண்டு போன்ற மாநிலங்களின் பழங்குடி இல்லங்களுக்குத் திரும்பி வந்த பதக்கங்கள் இவை.

மூன்றாவது, நினைவுத் தகடு. போரில் மாண்டவரின் உறவினருக்கு அனுப்பப்பட்ட இது, நாலே முக்கால் அங்குலக் குறுக்களவுள்ள வெண்கல வட்டம். உருவம் வகுப்பதற்கு நடத்திய போட்டியில் 800க்கு மேற்பட்ட மாதிரிகள் வந்தன; லிவர்ப்பூல் நகரத்துச் சிற்பி எட்வர்டு கார்ட்டர் பிரஸ்டன் வென்றார். பிரித்தானியத் தாய் மலர்வளையம் ஏந்தி நிற்கிறாள், அருகே சிங்கம், கடல்வலிமையைக் குறிக்கும் இரண்டு டால்ஃபின்கள், அடியில் கழுகைக் கிழிக்கும் மற்றொரு சிங்கம். மாண்டவரின் பெயர், அதற்கென விட்ட கட்டத்துள் மேலெழுந்த எழுத்தில் வார்க்கப்பட்டது. பெயரன்றிப் பதவி எதுவும் இல்லை. தளபதியின் தாய்க்கும் சிப்பாயின் தாய்க்கும் வந்தது ஒரே தகடு. உயிர்த்தியாகத்தில் மேல்கீழ் இல்லை என்று அதனைத் திட்டமிட்டவர்கள் தெளிந்து செய்த முடிவு அது. இங்கிலாந்தின் எளிய மக்களோ அதனை ‘இறந்தவன் காசு’ என்று கசப்போடு அழைத்தனர். அவர்கள் கைக்காசாகிய பென்னியும் வெண்கலமே அன்றோ? மகனைக் கொடுத்துக் காசு பெற்றோம் என்னும் துயரம் அப்பெயரில் ஒலிக்கிறது.

இவ்வாறு, ஒரே போரின் முடிவில், ஒரே அரசின் கையால், ஒரே உலோகம் மூன்று பொருள் பெற்றது: வெற்றியில் ஒருமை, உழைப்பில் தாழ்வு, மரணத்தில் சமத்துவம். தம் வாழ்நாளில் வெள்ளிக்குத் தகுதியற்றவர் என்று ஒதுக்கப்பட்ட மனிதர், இறந்தபின்னரே சமமானார் என்று நாம் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்த வரலாற்றின் பின்னணியில் சுதந்தர இந்தியா தன் விருதுகளை வகுத்தது. அப்பொறுப்பை ஏற்றவர் மேஜர் ஜெனரல் ஹீராலால் அட்டல். உருவம் வகுக்க அவர் நாடியது சாவித்திரி கானோல்கர் என்னும் அம்மையாரை. 1913ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தில் பிறந்தவர் அவர். தந்தை ஹங்கேரியர், தாய் ரஷ்யர். இந்தியப் படை அதிகாரியான விக்ரம் கானோல்கரை 1932ஆம் ஆண்டில் மணந்து, இந்நாட்டின் மொழிகளையும் வேதாந்தத்தையும் புராணங்களையும் ஆழ்ந்து கற்றார். பிறந்த மண்ணை விட்டு வந்து, வந்த மண்ணின் நினைவுகளைத் தம்முடையனவாக்கிக்கொண்ட அவர், நம் நாட்டின் தலையாய விருதுக்கு உருவம் தந்தார்.

பரம் வீர் சக்கரம் ஒன்றேமுக்கால் அங்குலமும் இல்லாத சிறு வட்டம். குறுக்களவு 1 3/8 அங்குலம். முன்முகத்தின் நடுவில் அசோகரின் சிங்கங்களாகிய அரசுச் சின்னம். அதனைச் சுற்றி நான்கு வஜ்ராயுதங்கள். பின்முகத்தில் இந்தியிலும் ஆங்கிலத்திலும் விருதின் பெயர்; இரண்டிற்கும் இடையே இரண்டு தாமரைகள். நாடா ஒரே ஊதா நிறம். அரசனின் தலை இல்லை. வீழ்ந்து கிடக்கும் புலியோ, மிதிபடும் கழுகோ இல்லை. பகைவன் என்று சுட்டத்தக்க உருவம் எதுவுமே அதில் இல்லை.

வஜ்ராயுதத்தின் கதையை நாம் அறிவோம். விருத்திராசுரனை வெல்ல வேறு படைக்கலம் பயன்படாது என்ற நிலையில், தேவர்கள் ததீசி முனிவரை அடைந்து அவருடைய எலும்பை வேண்டினர். முனிவர் தம் உடலை விடுத்தார். அவ்வெலும்பினால் ஆனது இந்திரனின் வஜ்ரம். குவாலியர் நட்சத்திரம் பிறனுடைய பீரங்கியிலிருந்து பிறந்தது. வஜ்ரம் தன் எலும்பைத் தானே தந்தவரிடமிருந்து பிறந்தது. முன்னது பெற்றதை நினைவூட்டுகிறது. பின்னது கொடுத்ததை நினைவூட்டுகிறது. கொடுத்ததை நினைவூட்டும் விருதுக்குப் பொன் ஏன்? வெண்கலமே போதும், வெண்கலமே பொருந்தும். நாம் தொடக்கத்தில் எழுப்பிய வினாவிற்கு இதனினும் நல்ல விடை இல்லை.

1950ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 26ஆம் நாள் நிறுவப்பட்டு, 1947 ஆகஸ்ட் 15 முதல் செல்லும்படி ஆக்கப்பட்ட இவ்விருது, 1999ஆம் ஆண்டுக் கார்கில் போர் வரையில் 21 பேருக்கு வழங்கப்பட்டது. அவர்களுள் 14 பேர் அதனைத் தம் கையால் வாங்க உயிரோடில்லை. முதல்வரான மேஜர் சோமநாத் சர்மா, 1947 நவம்பர் 3ஆம் நாள் காஷ்மீரத்துப் பட்காமில் வீழ்ந்தவர். அவர்களுள் ஒருவர், வெளி மாநிலத்தில் வாழும் தமிழ்மக்கள் சிறப்பாக நினைக்கத்தக்கவர். மேஜர் ராமசுவாமி பரமேசுவரன் 1946ஆம் ஆண்டில் பம்பாயில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தார். சென்னையில் பயிற்சி பெற்று 1972இல் படையதிகாரியானார். மராத்திய மண்ணோடு பிணைந்த மகார் படைப்பிரிவின் வீரர்களோடு நின்று, 1987 நவம்பர் 25ஆம் நாள் இலங்கையில் உயிர் துறந்தார். அப்போரைப் பற்றி நம்முள் துயரமும் கருத்து வேற்றுமையும் உண்டு. தம்மை நம்பி உடன் வந்த வீரர்களுக்காக அவர் உயிர் கொடுத்ததில் வேற்றுமை இல்லை.

நேயர்கள் பலருடைய இல்லங்களில், தாத்தாவின் பெட்டியின் அடியில், கறுத்துப்போன வெண்கல வட்டம் ஒன்று கிடக்கலாம். புளியும் சாம்பலும் இட்டுத் துலக்க வேண்டா. காலம் பூசிய அந்தக் கருமையோடு நுண்ணிய எழுத்துகளும் தேய்ந்துபோகும். எடைக்குப் போடவும் வேண்டா. ஒரு கண்ணாடியின் துணையோடு விளிம்பை மெல்லத் திருப்பிப் படியுங்கள். எண்ணும் பெயரும் படைப்பிரிவும் தென்படின், அவற்றை ஒரு தாளில் எழுதி, பதக்கத்தோடு சேர்த்து வையுங்கள்; பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். முன்முகத்தில் உள்ள அரசனை உலகம் அறியும். விளிம்பில் உள்ளவரை நாம் அறியாவிடில், வேறு யாரும் அறியப்போவதில்லை.